ஊகத்தோடு கேட்கவும்

எனக்கு ஜப்பானிய மொழி நன்றாகத் தெரியும். ஆனால் அதில் ஓர் எழுத்தைக்கூட நான் படித்துக் கற்றதில்லை. படித்தவள் என் அக்கா மங்கையர்க்கரசி. பதினோரு வருடம் படித்தாள். அதை அவளிடமிருந்து நான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. இப்போது யாராவது, "இவ்வளவு சரளமா பேசுறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அக்கா செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள், குப்பியில் பெயர்ச் சீட்டு ஒட்டுவாள், படிவத்தில் கையெழுத்து வாங்குவாள். பத்து மணிக்கு மேல் கூட்டம் குறைந்ததும் கைபேசியில் படக்கதை படிப்பாள். அப்படி அவளுடைய இருபத்திரண்டாவது வயதில் கண்ணில் பட்டதுதான் அந்த ஜப்பானியத் தொடர். கடலோரச் சின்ன ஊர் ஒன்றில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஹரு என்ற பெண்ணின் கதை. அவளுடைய அப்பா கணவாய் மீன் பிடிக்கப் படகில் போனவர், திரும்பவில்லை. ஹரு தினமும் கடையைத் திறக்கிறாள், மாலையில் மூடுகிறாள். நான் புரட்டிப் பார்த்தவரை அவ்வளவுதான் கதை. யாரோ அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டு வந்து நாலாம் பாகத்தோடு கைவிட்டுவிட்டார்கள். அக்காவுக்கு மனசு ஆறவில்லை. மிச்சத்தைத் தானே படித்துவிடுவது என்று முடிவுகட்டினாள்.

கைபேசியே மொழிபெயர்த்துக் கொடுக்கும், இல்லையென்று சொல்லவில்லை. அவளுக்கு அது பிடிக்காது. "யாரோ மென்னு குடுத்த மாதிரி இருக்குடா" என்பாள்.

ஜப்பான்காரர்கள் படக்கதையை மாங்கா என்று சொல்வார்கள். எங்கள் அம்மாவுக்கு இது போதாதா? "உப்புப் போட்டு ஊற வச்சா சோத்துக்காவது ஆகும். இந்த மாங்கா எதுக்குடி ஆகும்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் பாடம் கற்றது ஓர் இணைய மன்றத்தில். அவளைப் போல மொழி தெரியாதவர்கள் கேள்வி கேட்பார்கள், தெரிந்தவர்கள் வந்து பதில் சொல்வார்கள். அந்த மன்றத்துக்கு ஒரே விதி. முகப்பில் பெரிதாக எழுதியிருக்கும்: ஊகத்தோடு கேட்கவும். புரியாத பக்கத்தைப் படமெடுத்துப் போட வேண்டும். கீழே 'என் ஊகம்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் நமக்குத் தோன்றிய பொருளை, தப்போ சரியோ, எழுதியே ஆக வேண்டும். காலியாக விட்டால் கேள்வி போகாது. பதில் சொல்ல வருகிறவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதலில் ஊகம் 'சரி' அல்லது 'தவறு' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் பதில் எழுதும் இடம் திறக்கும்.

அக்காவின் முதல் கேள்வி எனக்கு நினைவிருக்கிறது. சைக்கிள் கடைக் கதையின் முதல் பக்கம். ஒரு பையன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறான். வாசலில் நின்று 'இத்தேகிமாஸ்' என்கிறான். அக்கா எழுதிய ஊகம் இது: "புறப்படுகிறவன் 'போய் வருகிறேன்' என்கிறான். 'போகிறேன்' என்று மட்டும் சொன்னால் வீட்டில் இருப்பவர்களுக்கு மனசு கேட்காது. எங்கள் ஊரிலும் அப்படித்தான்."

வட ஜப்பானில் மினாதோ என்ற பெயரில் எழுதும் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர் வந்து, சரி என்று அழுத்தினார். ஆங்கிலக்காரர்கள் இதை ஒரு மாதம் விளக்கினாலும் ஒப்புக்கொள்வதில்லை, நீங்கள் முதல் நாளே சொல்லிவிட்டீர்கள் என்று எழுதினார். அக்கா கைபேசியை ஏந்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடி வந்தாள். நான் அப்போது பதினாறு வயதுப் பயல், தோசைக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

"தில்லை, அங்கயும் போறேன்னு சொல்ல மாட்டாங்களாம்டா. போயிட்டு வரேன்னுதான் சொல்வாங்களாம்."

"எங்க?" என்றாள் அம்மா.

"ஜப்பான்லம்மா."

"அப்ப வளத்தவங்க சரியாத்தான் வளத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு அம்மா தோசையைத் திருப்பினாள்.

அதன் பிறகு பதினோரு வருடம். நாலாயிரத்துச் சொச்சம் கேள்விகள், ஏழு நோட்டுகள். பெரும்பாலான கேள்விகளுக்கு மினாதோதான் பதில். கடைசி மூன்று வருடம் அக்காவே மற்றவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தத் தேர்வும் எழுதவில்லை, எந்தச் சான்றிதழும் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா அக்காவின் சமையலைச் சொல்வாள், வேலையைச் சொல்வாள். இதை ஒருநாளும் சொன்னதில்லை.

நான் டிப்ளமோ முடித்துவிட்டு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையில் இருந்தேன். வட ஜப்பானில் ஒரு நிறுவனம் என்னைத் தேர்ந்தெடுத்தது. கை வேலையில் எனக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் லிஃப்ட் ஓடும் கிணற்றுக்குள்ளே கைபேசி வேலை செய்யாது. மேலே நிற்கிறவன் "நிறுத்து" என்று கத்தினால் கீழே இருப்பவனுக்கு அந்த நொடியே புரிய வேண்டும், இல்லையென்றால் ஆள் காலி. அதனால் மொழித் தேர்வில் தேறியே ஆக வேண்டும் என்றார்கள். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் ஊற்றிக்கொண்டது. இன்னும் ஒரே ஒரு முறைதான், அடுத்த மார்ச்சுக்குள் தேறாவிட்டால் வாய்ப்பு முடிந்தது என்று கடிதம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் பதியம் வந்தது. உங்களில் பலர் வீட்டிலேயே நடந்திருக்கும், நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக, எங்களுக்கு டாக்டர் ரெஜினா சொன்னதை அப்படியே சொல்கிறேன். அது பின்னால் வரும். முதலில் அம்மா கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். அம்மா எதிரே உட்கார்ந்து, "எதிர்வீட்டு கோமதி அவ தம்பிக்கு ஜெர்மன் குடுத்துட்டாளாம்" என்று ஆரம்பித்தாள்.

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. "கேள்விப்பட்டேன்."

"கூடப் பொறந்தவங்களுக்குள்ளதான் ஒட்டுமாமே."

"ஆமா, அப்படித்தான் சொல்றாங்க."

"உனக்கு அது பொழுதுபோக்குதானேடி. அவனுக்கு அது வாழ்க்கை."

"எனக்கும் கொஞ்சம் வாழ்க்கைதாம்மா அது" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு வேணுமாடா?" என்றாள்.

நான் டிவியைப் பார்த்துக்கொண்டு "வேணும்க்கா" என்றேன்.

அவள் கையில் இருந்த வாழைக்காயை முழுவதும் சீவி முடித்தாள். "சைக்கிள் கடைக் கதை முடிய இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும்" என்றாள்.

"முடிஞ்சதும் நான் படிச்சு சொல்றேன்."

"வேணாம். குடுத்தப்புறம் மறுபடி மொதல்லேந்து கத்துக்கிறேன். நானே படிச்சுக்கிறேன்."

டாக்டர் ரெஜினா எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். "தாய்மொழியை எடுக்க முடியாது. அது எல்லா இடத்துலயும் வேர் விட்டிருக்கும், எதை எடுத்தாலும் ஆளே கலைஞ்சுடுவாங்க. பெரியவங்களானப்புறம் கத்துக்கிட்ட மொழி ஒரே இடத்துல, வரப்பு போட்ட மாதிரி இருக்கும். அதை எடுத்து ரத்த சொந்தத்துக்குப் பதியம் போடலாம். காப்பி எடுக்கிறது இல்ல இது. இங்கேருந்து அங்க போயிடும்."

"எல்லாமே போயிடுமா?" என்று அக்கா கேட்டாள்.

"மொழி முழுசா போயிடும். செடியைப் பிடுங்கினா வேர்ல கொஞ்சம் மண்ணு ஒட்டிக்கிட்டு வரும்ல, அது மாதிரி அந்த மொழியைக் கத்துக்கிட்ட நினைவுகளும் கொஞ்சம் தம்பிகிட்ட போகும். மத்தபடி உங்க வாழ்க்கை உங்ககிட்டயே இருக்கும்."

அக்காவை ஸ்கேன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் என் முன்னால் படிவத்தைத் தள்ளினார். பதினாலாம் பக்கத்தில் விரல் வைத்தார்.

"முக்கியமான விஷயம் இது. எடுத்த இடத்துல அந்த மொழி மறுபடி முளைக்காது. அவங்க உக்காந்து படிக்கலாம், அன்னிக்குப் புரியும். தூங்கி எழுந்தா இருக்காது. வேற மொழி வேணா கத்துக்கலாம், இது மட்டும் முடியாது. அவங்க வந்ததும் நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. கையெழுத்துக்கு முன்னாடி நானும் ஒரு தடவை கேப்பேன்."

நான் தலையாட்டினேன்.

அக்கா ஸ்கேன் முடிந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, "திரும்பக் கத்துக்கலாம்ல, தில்லை?" என்றாள்.

"கத்துக்கலாம்க்கா. கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கைபேசியில் அழைப்பு வந்ததுபோல எழுந்து வெளியே போனேன். தண்ணீர்க் குழாய் அருகே கால் மணி நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது டாக்டர் இருந்தார். "தம்பி எல்லாத்தையும் சொன்னாரா?" என்று கேட்டார்.

"சொன்னான் டாக்டர்" என்றாள் அக்கா. கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் மாதம் விமான நிலையத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தேர்வில் முதல் தரத்தில் தேறியிருந்தேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்முன் திரும்பி, அக்காவைப் பார்த்து, பந்தாவாக "இத்தேகிமாஸ்" என்றேன்.

அவள் புரியாமல் சிரித்தாள். "கேக்க நல்லா இருக்குடா. என்ன அர்த்தம்?"

"போயிட்டு வரேன்னு அர்த்தம்க்கா."

"ஓ. அங்கயும் அப்படித்தான் சொல்வாங்களா?" என்றாள் ஆச்சரியத்தோடு.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அடுக்களைக்கு ஓடி வந்தபோது இருந்த அதே ஆச்சரியம். அந்தக் காலைப்பொழுது அவளிடம் இல்லை. என் தலைக்குள் இருந்தது. அப்போதுதான் நான் செய்தது இன்னதென்று எனக்கு முதன்முதலாக உறைத்தது. உறைத்தும் விமானத்தில் ஏறிப் போனேன்.

ஜப்பானில் என் மேற்பார்வையாளர் குதோ நான் பேசுவதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். மீசை வைத்த தடியன் ஒருவன் கடலோர ஊர்க் கடைக்காரப் பெண்ணைப் போலப் பேசினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? நான் சாவியைக் கேட்டால்கூட ஹரு கேட்கிற மாதிரி கேட்டேன். கோபம் வந்தால் பத்தாம் பாகத்தில் வரும் மீன் ஏலக்காரன் மாதிரி திட்டினேன். அக்கா கற்ற ஜப்பான் அதுதான். அவள் ஜப்பானுக்கு வந்ததேயில்லை.

சிரிப்பு அடங்கிய பிறகு மண் உதிர ஆரம்பித்தது. டாக்டர் சொன்ன அந்த வேர்மண். குடை என்ற சொல்லைச் சொன்னால் தாம்பரம் பேருந்தில் ஜன்னலோரம் மழையில் நனைந்த நோட்டு. உப்பு என்றால் பரிசோதனை நிலையத்து ஸ்பிரிட் வாசனை, கூடவே மினாதோ எழுதிய ஒரு வேடிக்கை. ஒவ்வொரு சொல்லிலும் அக்கா இருந்தாள். கற்றுக்கொள்ளும்போது அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பது அந்தச் சந்தோஷம் என்னிடம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வலியை வெளியே காட்டாமல் முகத்தை வைத்துக்கொள்வதற்கு அவர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டபோது மதுராந்தகத்தில் மாமா மகள் கல்யாணம் வந்தது. அன்று முழுக்க அக்கா மண்டப வாசலில் பன்னீர் தெளித்துச் சிரித்துக்கொண்டு நின்றாள், புகைப்படம்கூட இருக்கிறது. அவளுக்கு அன்று கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி என்று யாருக்கும் தெரியாது. நானும் அந்தக் கல்யாணத்தில் இருந்தேன், மூன்று தடவை ஐஸ்கிரீம் வாங்கித் தின்றேன். அவள் அந்த வலியிலேயே, 'ஓ, இந்தச் சொல்லுக்கு இதுதானா அர்த்தம்' என்று நினைத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதியிருக்கிறாள்.

முதலில் தினமும் வீட்டுக்குப் பேசினேன். பிறகு வாரம் ஒருமுறை. அக்கா திரையில் வந்து, "நோட்டெல்லாம் எடுத்துப் பாக்குறேன்டா, என் கையெழுத்துதான், ஒண்ணும் புரியல. மெதுவா வந்துடும்ல?" என்று கேட்பாள். "வந்துடும்க்கா" என்பேன். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடக் கஷ்டம். அதைச் சொல்லக்கூடாது என்பதற்காகவே பேசுவதைக் குறைத்தேன். வேலை, குளிர், டவர் இல்லை என்று எதையாவது சொல்லிவைத்தேன். ஆறு மாதத்தில் அம்மாவுக்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்புகிறவனாகிவிட்டேன்.

எட்டாம் மாதம் ஒருநாள் அந்த மன்றத்துக்குள் போனேன். அக்காவின் கடவுச்சொல் ஜப்பானிய எழுத்தில் இருந்தது, அதனால் அதுவும் என்னோடு வந்திருந்தது. உள்ளே மினாதோ எழுதிய கடிதம் ஒன்று காத்திருந்தது. "நெடுநாளாக உங்கள் கேள்வி வரவில்லை. உடம்பு சரியில்லையா? இருபத்தொன்பதாம் பாகம் வந்துவிட்டது. உங்களுக்குப் பிடிக்கும்." நான் பதில் எழுதவில்லை.

வேறொன்றையும் கவனித்தேன். வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த பலர் திடீரென்று நின்றுபோயிருந்தார்கள். வேலூரில் ஒரு பெண், மணிலாவில் இரண்டு பேர், ஹனோயில் ஒரு பள்ளி ஆசிரியை. எல்லாம் பெண்கள், பெரும்பாலும் அக்காமார்கள். அவர்களுடைய தம்பிகளில் இரண்டு பேர் என்னோடு நிறுவனத்து விடுதியில் தங்கியிருந்தார்கள். நாங்கள் மூவரும் சேர்ந்து சாப்பிடுவோம். இதைப் பற்றி மட்டும் ஒருவருக்கொருவர் பேசுவதில்லை.

அந்த வாரமே 'புதியவள்' என்ற பெயரில் ஒரு கேள்வி வந்தது. சைக்கிள் கடைக் கதை, முதல் பாகம், முதல் பக்கம். என் ஊகம்: "புறப்படுகிறவன் 'போய் வருகிறேன்' என்கிறான். 'போகிறேன்' என்று மட்டும் சொன்னால் வீட்டில் இருப்பவர்களுக்கு மனசு கேட்காது. எங்கள் ஊரிலும் அப்படித்தான்."

எழுத்துக்கு எழுத்து அதே ஊகம். பழைய கணக்கு அவளுக்குத் திறக்கவில்லை, புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறாள். வேறு யாரும் வருவதற்குள் 'காக்கை' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு நான் புகுந்தேன். சரி என்று அழுத்தினேன். பதினோரு வருடத்துக்கு முன் மினாதோ அவளுக்குச் சொன்ன விளக்கத்தை அவளுக்கே திருப்பிச் சொன்னேன்.

மறுநாள் அதே பக்கம், அதே கேள்வி. அதற்கும் மறுநாள் மூன்றாம் பக்கம், பிறகு மறுபடி முதல் பக்கம். இப்படி ஏழு மாதம். அவள் ஆறாம் பக்கத்தைத் தாண்டியதேயில்லை. என் வேலை முடியும் நேரம் பார்த்து, அங்கே மத்தியானம் இரண்டரைக்கு, கேள்வி வந்துவிடும். ஞாயிறு என்றால் காலையிலேயே வரும். நான் குளிப்பதற்கு முன் பதில் எழுதிவிடுவேன். போனில் அவளிடம் ஒரு நிமிடம் பேச வாய் வராத நான், காக்கையாக மணிக்கணக்கில் பேசினேன்.

மன்றத்தில் சிலருக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரே கேள்வியை நூறு தடவை கேட்கிறார், விளையாடுகிறாரா? நீக்கிவிடுங்கள்" என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே மினாதோ எழுதினார்: "நான் முப்பத்தெட்டு வருடம் ஒரே தெருக்களில் தபால் போட்டவன். நேற்றும் இந்த வீட்டுக்கு வந்தேனே என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் கேட்கட்டும்." அதோடு பேச்சு அடங்கியது. எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தார். "காக்கை அவர்களே, உங்கள் ஜப்பானிய மொழி நான் நன்றாக அறிந்த ஒருவருடையது போல இருக்கிறது." அதற்கும் நான் பதில் எழுதவில்லை.

ஆறாம் பக்கத்தில்தான், வலியைக் காட்டாமல் முகத்தை வைத்துக்கொள்கிற அந்தச் சொல் வருகிறது. கடனைத் திருப்பிக் கேட்க வந்தவனைப் பார்த்து ஹரு சிரிக்கிற கட்டம். அக்காவின் ஊகம் தவறாக இருந்தது. எப்படி விளக்கினாலும் எனக்குத் திருப்தியாக வரவில்லை. கடைசியில், "கல்யாண வீட்டு வாசலில் பல்வலியோடு நின்றுகொண்டு பன்னீர் தெளிப்பதைப் போல" என்று எழுதிவிட்டேன். எழுதி அனுப்பிய பிறகும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவ்வளவு நாள் அதை என் உதாரணம் என்றே நினைத்துப் பழகியிருந்தேன்.

"நன்றி. புரிந்தது" என்று பதில் வந்தது. மறுநாள் மீண்டும் முதல் பக்கம்.

போன வாரம் சைக்கிள் கடைக் கதை முடிந்தது. முப்பத்தொன்றாம் பாகம். கடையில் வரிசையில் நின்று வாங்கி, நடைபாதை ஓரமாகவே உட்கார்ந்து படித்தேன். கடைசிப் பக்கத்தில் ஹரு கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கியிருக்கிறாள். கை அப்படியே நிற்கிறது. வெளியிலிருந்து ஒரு பேச்சுக் குமிழி, அதில் ஒரே ஒரு சொல். வெளியே போய்விட்டு வீடு திரும்புகிறவர்கள் வாசலில் சொல்கிற சொல். சொல்கிறவர் யார் என்று படத்தில் இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த அழுகையும் என்னுடையதில்லை, பதினோரு வருடம் காத்திருந்தவளுடையது என்று தெரிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

இன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, ஊரில் ஏழு மணி இருக்கும், புதியவளின் கேள்வி வந்தது. முதல் பக்கம் இல்லை. கடைசிப் பக்கம்.

கேள்வி வழக்கம்போல ஆங்கிலத்தில் இருந்தது. "குமிழியில் இருப்பதைக் கைபேசி 'வந்துவிட்டேன்' என்று சொல்கிறது. சொல்வது யார்? ஆளைக் காணோம்."

அதன் கீழே ஊகம் தமிழில் இருந்தது.

"என் ஊகம்: அந்தக் கதையில வந்தது யாருன்னு எனக்குத் தெரியல. இங்க தினம் பதில் சொல்றது நீதான்டா தில்லை. பல்வலிய நான் யார்கிட்டயும் சொல்லல, நோட்டுல மட்டும் தமிழ்ல எழுதி வச்சிருந்தேன். இன்னொண்ணும் சொல்லணும். அன்னிக்கு நீ வெளிய போனப்ப பதினாலாம் பக்கத்த நான் படிச்சேன். தெனம் நாப்பது பேர்கிட்ட கையெழுத்து வாங்குறவ நான், படிக்காம போடுவேனா? நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். டாக்டர் வர்ற வரைக்கும் பாத்தேன். நீ சொல்லியிருந்தாலும் குடுத்திருப்பேன்டா. இப்ப கேட்டுக்கிறது எதுவும் மறுநாள் நிக்காதுன்னு தெரியும். அன்னிக்குப் பூரா இருக்கு, அது ஒரு சந்தோஷம். நீ போன்ல பேச மாட்டேங்குற. இங்க கேட்டா பேசுற. அதனாலதான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

நீ சொல்லியிருந்தாலும் குடுத்திருப்பேன் என்ற இடத்துக்கு மேல் கண் போகவில்லை. நான் பொய் சொன்னதால் எனக்குக் கிடைத்தது ஒன்றுமேயில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் இந்த மொழி என்னிடம் வந்திருக்கும், இந்த வேலை வந்திருக்கும். கூடவே அவளிடம் தலை நிமிர்ந்து பேசுகிற ஒரு தம்பியும் அவளுக்கு மிஞ்சியிருப்பான். அந்தக் கால் மணி நேரம் குழாயடியில் நின்றதற்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும்.

திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. சரி, தவறு. இரண்டில் ஒன்றை அழுத்தாமல் அங்கே யாரும் எதுவும் எழுத முடியாது. எனக்கு முன்னால் வேறு யாரும் பதிலுக்கு வரவில்லை. மினாதோவின் பெயர் மட்டும் பக்கத்தில் பச்சையாக எரிந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் ஒதுங்கி நிற்கிறார் என்றே எனக்குப் பட்டது.

சரி என்று அழுத்தினேன். பெட்டி திறந்தது.

பதினோரு வருடத்துச் சொற்கள் என்னிடம் இருந்தன. மன்னிப்புக் கேட்பதற்கு மட்டும் அவர்கள் ஏழெட்டு விதம் வைத்திருக்கிறார்கள், அத்தனையும் எனக்குத் தெரியும். எல்லாம் அவளிடமிருந்து எடுத்தவை. அவற்றில் ஒன்றை எடுத்து அவளிடமே நீட்ட மனசு வரவில்லை. தமிழில் எழுதினேன்.

"இப்ப கூப்பிடட்டுமாக்கா?"

சில நொடிகளில் பதில் வந்தது.

"ஊகம் எழுதாம கேள்வி கேக்கக் கூடாதுடா. விதி தெரியும்ல."

நான் 'என் ஊகம்' என்று எழுதினேன். அவள் போனை எடுப்பாள் என்று தெரியும். எடுத்ததும் "சாப்ட்டியா" என்றுதான் கேட்பாள், அதுவும் தெரியும். அதற்கு நான் என்ன சொல்வேன் என்பதுதான் தெரியவில்லை. மணி பதினொன்றாகிவிட்டது, அந்த வரியை இன்னும் நான் முடிக்கவில்லை.